சார்ஜில் இருக்கும் லேப்டாப்பைத் தொட்டால் ஏன் விறுவிறுக்கிறது?

சார்ஜில் போட்ட லேப்டாப்பின் உலோக மூடியைத் தடவினால் விறுவிறுக்கிறதே, கரண்ட் அடிக்கிறதா என்பதுதான் கேள்வி. இது கசிவு மின்னோட்டம்: வயரோடு போக வேண்டிய மின்சாரத்தில் மிகச் சிறு பங்கு சாதனத்தின் உடம்புக்கு வந்து, உங்கள் வழியாகத் தரைக்கு இறங்குகிறது. மண்பானை ஓட்டை இல்லாமலே வெளியே ஈரமாவதில்லையா, அது மாதிரி.

சார்ஜருக்குள் மின் இரைச்சலை (மற்றச் சாதனங்களைக் குழப்பும் தேவையற்ற மின் அலைகளை) அடக்க கப்பாசிட்டர் என்ற ஒரு சின்ன பாகம் வைத்திருப்பார்கள், நம் 230 வோல்ட்டில் அதன் வழியே ஒரு மில்லி ஆம்பியருக்கும் குறைவாகத்தான் கசியும், விரல் நுனியால் லேசாகத் தடவும்போதுதான் தெரியும். கொழும்புப் புழுக்கத்தில் வியர்த்த கை, வெறுங்கால், சிமெந்துத் தரை என்றால் இன்னும் நன்றாகவே தெரியும். பயப்பட ஒன்றுமில்லை.

ஆனால் பிரிட்ஜோ வாஷிங் மெஷினோ விறுவிறுத்தால் அது வேறு கதை. அவற்றுக்கு எர்த் (கசியும் மின்சாரத்தைத் தரைக்கு இறக்கும் வயர்) கட்டாயம். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகியிருந்தால் (பழைய வீடுகளில் இது சர்வசாதாரணம்) எர்த்தே கிடைக்காது. பாவிப்பதை நிறுத்திவிட்டு எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்கள்.

அப்புறம், ‘ட்ரிப் சுவிட்ச் விழவில்லை, அப்போ பிரச்சினை இல்லை’ என்று நினைக்க வேண்டாம். வீட்டு ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் அளவுக் கசிவுக்கு விழுவதற்கானது, விறுவிறுப்போ 1 மில்லி ஆம்பியரிலேயே தெரிந்துவிடும்.