பதில்: சினகாக்ல டால்முட் வகுப்பு, ஒண்ணுமே புரியல

சினகாக்ல (யூதர் கோயில்) டால்முட் (யூத மதச் சட்ட விவாத நூல்) வகுப்புக்கு போறேன், ஹீப்ரு தெரியாததால ஒண்ணும் புரியலன்னு கேட்டிருக்கீங்க. ஹீப்ரு தெரியாதது பிரச்சனை இல்லங்க, போய் உக்காந்த வகுப்புதான் பிரச்சனை. தினமும் புதுப் பக்கம், யாரும் நின்னு விளக்கல, ஒரு மாசமாச்சு தலையும் புரியல வாலும் புரியலன்னு எழுதியிருக்கீங்க, அது அனேகமா டஃப் யோமி. டால்முட்ட நாளுக்கு ஒரு ஏடுன்னு (ரெண்டு பக்கம்) படிச்சு முடிக்கிற முறை அது, மொத்தம் 2711 ஏடு, முடிக்க ஏழரை வருஷம், இப்ப நடக்குற சுத்து 2020 ஜனவரில ஆரம்பிச்சது 2027 ஜூன்லதான் முடியும், ஓடுற பஸ்ல ஏறியிருக்கீங்க. மூலத்துல பெரும்பகுதி அராமைக்னு இன்னொரு பழைய மொழி வேற, புள்ளி கமா பெருசா இருக்காது, ஹீப்ரு படிச்சவங்களே முழிப்பாங்க.

1. சினகாக் காலண்டர்ல அந்த வகுப்பு பேர பாருங்க. டஃப் யோமின்னு இருந்தா நான் சொன்னதுதான்.

2. சனிக்கிழமை காலைல தோரா ஸ்டடி (தோரான்னா யூத வேதத்தோட முதல் அஞ்சு புத்தகம்) இருக்கான்னு கேளுங்க. அந்த வாரத்து பகுதிய மட்டும் எடுத்து பேசுவாங்க, அமெரிக்கால நிறைய இடத்துல இங்கிலீஷ்லயே. இந்த நூல்லாம் மொழிபெயர்ப்போட இருக்குற செஃபாரியா ஆப் ஃப்ரீ, முந்தின நாளே மொழிபெயர்ப்ப ஒரு தடவ படிச்சிட்டு போங்க, கேள்வி தானா வரும். அங்க கேள்வி கேக்குறத யாரும் தப்பா எடுக்க மாட்டாங்க, பழைய பெரிய உரையாசிரியர் ராஷி சொன்னதையே எதிர்த்து வாதாடுவாங்க!

வீட்டுக்காரர் யூதர், நீங்க யூதர் இல்லன்னா, ரிஃபார்ம் (தாராளப் பிரிவு) சினகாக்ல பொதுவா தடை இருக்காது, ஆனாலும் ரபைக்கு (அங்க இருக்குற மதகுரு) ஒரு மெயில் போட்டுடுங்க. ஆர்த்தடாக்ஸ் (மரபுப் பிரிவு) சினகாக்னா சனிக்கிழமை ஓய்வுநாள், எழுதுறதும் போனும் கூடாது, அதனால அன்னிக்கு நோட்டு, பேனா, போன் எதையும் வெளிய எடுக்காதீங்க.