மாமாவுக்கு டாக்டர் வேண்டும், பிள்ளைக்கு மலை வேண்டும்

பணி ஓய்வுக்குப் பிறகு சனிக்கிழமை காலைகளில் பகாவில் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்திருப்பேன். பிள்ளைகளின் படிப்பு விஷயமாக யார் வந்தாலும் பேசுவேன். போன வாரம் ஒரு குடும்பம் வந்தது. அப்பா செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார், அம்மா தோட்டத்து ஆயாக்கொட்டகையில் வேலை செய்கிறார், மகள் படிவம் ஐந்து. கூடவே கிள்ளானிலிருந்து தாய்மாமா. பேச்சைத் தொடங்கியதும் அவர்தான், முடித்ததும் அவர்தான். நடுவில் பிள்ளை ஒரே ஒரு வாக்கியம் சொன்னாள்: "டீச்சர், நான் பாரியோவுக்கு ட்வின் ஒட்டர் ஓட்டணும்." பாரியோ சரவாக் மலைக்குள் இருக்கும் ஊர், ட்வின் ஒட்டர் அங்கே போகும் சின்ன விமானம்.

அம்மா அழ ஆரம்பித்துவிட்டார். "விழுந்து செத்துட்டா நான் என்னா பண்ணுவேன் டீச்சர்?" நானும் வழக்கம் போல, வயசுப் பிள்ளை, இன்னும் நாள் இருக்கு, மனசு மாறும் என்று எதையோ சொல்லி அனுப்பிவிட்டேன். போகும்போது அந்தப் பிள்ளை என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை வீடு வரைக்கும் கூடவே வந்தது. ஆறுதல் சொன்னது தப்பு. அதனால் இங்கே நேராக எழுதுகிறேன், அவர்கள் சம்மதத்தோடு, பேர் ஊர் விவரம் கொஞ்சம் மாற்றி.

முதலில் மாமா. வெளிநாட்டில் மருத்துவம், ஏஜென்டைப் பார்த்தாகிவிட்டது, வீட்டை வங்கியில் வைத்தால் போதும் என்கிறார். தம்பி, லோரி ஓட்டி வாங்கிய வீட்டை இதற்காக வைக்காதீர்கள். நம் மலேசியாவில் 2016 கடைசியிலிருந்து புதிய டாக்டர்களை ஒப்பந்தத்தில்தான் அரசு எடுக்கிறது, நிரந்தர வேலை எல்லாருக்கும் இல்லை. 2021 ஜூலையில் அந்த ஒப்பந்த டாக்டர்களே மருத்துவமனைக்கு வெளியே வந்து நின்று மறியல் செய்ததை டிவியில் பார்த்திருப்பீர்கள். மருத்துவம் நல்ல படிப்புதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் ரத்தத்தைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பிள்ளைக்கு, கல்யாண மண்டபத்தில் சொல்லிக்கொள்ள ஒரு பட்டம் வேண்டும் என்பதற்காக அஞ்சாறு வருஷமும் ஒரு வீடும் செலவு என்றால், அந்தச் சொந்தக்காரர்கள் ஆளுக்குப் பத்தாயிரம் வெள்ளி போடட்டும், பார்க்கலாம்.

அப்புறம் அம்மாவின் பயம். அது வெறும் பயம் இல்லை தங்கச்சி, உண்மை. மலைக்காட்டுக்குள் சின்ன விமானம் ஓட்டுவது ஆபத்தான தொழில். நேப்பாளத்தில் லுக்லா என்று ஓர் இடம், எவரெஸ்ட் போகிறவர்கள் இறங்குமிடம், கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 2,845 மீட்டர். அங்கே ஓடுபாதை 527 மீட்டர்தான். நம் கே.எல்.ஐ.ஏ. விமான நிலையத்துப் பாதை 4 கிலோமீட்டர். அதுவும் லுக்லாவில் பாதை சரிவாக ஏறுகிறது, மேல்முனையில் மலை, கீழ்முனையில் பள்ளத்தாக்கு. இறங்க ஆரம்பித்துவிட்டால் கடைசி நேரத்தில் மனசு மாறி மேலே தூக்கிப் போக இடமில்லை. 2008 அக்டோபரில் மேகத்துக்குள் இறங்கப் பார்த்த ஒரு ட்வின் ஒட்டரில் 18 பேர் இறந்தார்கள், தலைமை விமானி மட்டும் பிழைத்தார். நம் நாட்டிலேயே 2013இல் சபாவின் கூடாட்டில் ஒரு ட்வின் ஒட்டர் வீட்டின் மேல் மோதி, துணை விமானியும் ஒரு பயணியும் இறந்தார்கள். இந்தோனேசியாவின் பாப்புவா மலையில் இன்னொரு விதம்: 2023 பிப்ரவரியில் தரையிறங்கிய நியூசிலாந்து விமானியைக் கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துக்கொண்டு, விமானத்தையும் எரித்தார்கள். ஒன்றரை வருஷத்துக்கு மேல் காட்டில் வைத்திருந்து 2024 செப்டம்பரில்தான் விட்டார்கள்.

இதையெல்லாம் பயமுறுத்த எழுதவில்லை. எதனால் விழுகிறது என்று தெரிந்தால்தான் உங்கள் பிள்ளை இதற்கு ஆகுமா ஆகாதா என்று நீங்கள் பார்க்க முடியும். உயரத்தில் காற்று மெலிசு, வெயில் ஏறினால் இன்னும் மெலிசு, இறக்கைக்கும் பிடிப்புக் குறையும், எஞ்சினுக்கும் மூச்சு வாங்கும். லோடு ஏற்றின டிராக்டர் குன்றேறும் கதைதான், ஆனால் இங்கே நடுவில் நிறுத்தி இறங்க முடியாது. பள்ளத்தாக்குக்குள் போகிறவர் நடுவில் போகமாட்டார், ஒரு பக்க மலையை ஒட்டிப் போவார், அப்போதுதான் திரும்ப வேண்டி வந்தால் முழு அகலமும் கிடைக்கும். மலைமுகட்டை நேராகக் கடக்காமல் சாய்வாகக் கடப்பார், காற்று கீழே அமுக்கினால் சட்டென்று விலகிவிட. மலையில் வேலை காலையில்தான், மதியத்துக்கு மேல் மேகம் கட்டிவிடும். இத்தனையும் தெரிந்தவர்களும் விழுகிறார்கள். பெரும்பாலும் எப்படித் தெரியுமா? இன்னும் கொஞ்ச தூரம்தான், பயணிகள் காத்திருக்கிறார்கள், நேற்றும் போகவில்லை, முதலாளி கேட்பார் என்று மேகத்துக்குள் போய்விடுகிறார்கள். திரும்பி வருவதற்கு வெட்கப்பட்டவர்கள்.

நான் ஒரு பள்ளி விடுமுறைக்குப் பாரியோ போனேன். சரவாக்கில், கிளாபிட் மக்கள் ஊர், சுற்றிலும் மலை, காட்டுமரம் வெட்டும் லோரிப் பாதையில் போனால் ஒரு பகல் முழுக்க இடுப்பு உடையும். மிரி விமான நிலையத்தில் என்னையும் என் பையையும் தராசில் நிற்க வைத்தார்கள். 19 பேர் உட்காரும் விமானம், எல்லாரையும் எடை பார்த்துத்தான் ஏற்றுவார்கள். என் எடையை என் வீட்டுக்காரரிடமே நான் சொன்னதில்லை, அன்று சத்தமாகப் படித்தார்கள். கிளம்பி முக்கால் மணி நேரம் இருக்கும், முன்னால் வெள்ளையாக ஒரு சுவர். விமானி ஒரு சுற்றுச் சுற்றினார், இன்னொரு பள்ளத்தாக்கை எட்டிப் பார்த்தார், அப்புறம் மிரிக்கே திருப்பிவிட்டார். எனக்கு எரிச்சல். பக்கத்தில் இருந்த கிளாபிட் பாட்டி ஒரு வார்த்தை பேசாமல் பிஸ்கட் டின்னைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

இறங்கியதும் கண்ட காட்சிக்காகத்தான் இதைச் சொல்கிறேன். அடுத்துப் புறப்பட வேண்டிய விமானி ஓடி வந்து, மேகம் எங்கே, எவ்வளவு கீழே என்று கேட்டார். இவர் பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையிலேயே ஆறும் மலையும் வரைந்து காட்டினார். அவருடைய பயணமும் தள்ளிப்போனது, ஏன் திரும்பினாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. மலையில் பறக்கிறவர்களிடம் இந்தப் பழக்கம் எங்கேயும் உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரம் இல்லாத ஓடுபாதைகளில் ஒரே வானொலி அலையில் எல்லாரும் நான் இங்கே இருக்கிறேன், இந்தப் பள்ளத்தாக்கு மூடிவிட்டது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்கள், போட்டிக் கம்பெனிக்காரனும் கேட்டுக்கொள்வான். அதே நேரம் நீலச் சட்டை போட்ட ஒருவர் டார்ச் லைட்டோடு வந்து, சுழலியின் (புரொப்பெல்லர்) ஒவ்வோர் இதழையும் விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்த்தார். சரளைக்கல் பட்டு நகம் அளவு பள்ளம் விழுந்திருந்தாலும் விரலுக்குத் தெரிந்துவிடுமாம். விமானி அவர் முடிக்கும் வரை கைகட்டி நின்றார்.

அந்த நீலச் சட்டைக்காரர் வேலையைத்தான் இந்தப் பிள்ளைக்குச் சொல்கிறேன்.

விமானிப் பள்ளிக்கு இப்போது வேண்டாம், இதில் நான் கறார். மூன்று லட்சம் வெள்ளிக்குக் குறையாது, முடித்து வெளியே வந்தால் கையில் இருப்பது ஏறக்குறைய 200 மணி நேரப் பறப்பு, அதை வைத்துக்கொண்டு உள்ளூர் மலைவிமான வேலை தேடினால், போர்னியோவில் ஓடும் ட்வின் ஒட்டர்களே விரல் விட்டு எண்ணக்கூடியவை. அவற்றை ஓட்டிய மாஸ்விங்ஸ் கம்பெனியை வாங்க 2025இல் சரவாக் அரசு ஒப்பந்தம் போட்டதால் இனி என்ன மாறும் என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும். 2020இல் கோவிட் வந்தபோது வேலை போன விமானிகள் சாப்பாட்டுக் கடை போட்டது மறந்துபோச்சா? ஈ.பி.எஃப். சேமிப்புப் பணத்தையும் தொடாதீர்கள். கல்விக்கு எடுக்கலாம் என்று சட்டம் இருக்கிறது, அதற்காக உங்கள் முதுமையை எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று இல்லை.

விமானப் பராமரிப்பு உரிமம் என்பதை நம்மாட்கள் காதில் வாங்குவதே இல்லை. 'மெக்கானிக்கா?' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். சிவில் வான்போக்குவரத்து ஆணையம் கொடுக்கும் உரிமம் அது. ஏ, பி1, பி2 என்று வகைகள்: ஏ சின்னச் சின்ன வழக்கமான வேலைகளுக்கு, பி1 எஞ்சினும் உடலும், பி2 மின்னணுக் கருவிகள். டர்பைன் விமானத்துக்கான பி1 அடிப்படைப் பயிற்சி 2,400 மணி நேரம், அதற்கு மேல் இரண்டு வருஷம் நிஜ விமானத்தில் கைவேலை. கணிதம், இயற்பியல், மின்சாரம், உலோகம், சுழலி, டர்பைன் எஞ்சின், சட்டம் என்று தனித்தனிப் பாடங்கள், ஒவ்வொன்றிலும் 75 விழுக்காடு எடுத்தால்தான் தேர்ச்சி, எஸ்.பி.எம். பரீட்சை மாதிரி தப்பித்தவறிப் பாஸ் ஆக முடியாது. அதில் மனித இயல்பு பற்றி ஒரு பாடமே இருக்கிறது: களைப்பு, அவசரம், கூட இருப்பவர்கள் கொடுக்கும் நெருக்கடி இதனாலெல்லாம் தப்பு எப்படி வருகிறது என்று. மாமாவையும் அந்த வகுப்பில் ஒரு நாள் உட்கார வைக்கலாம்.

வேலை எப்படி என்றால், ஒரு போல்ட்டைக் கைப்பலத்துக்கு முறுக்கக் கூடாது, முறுக்கை அளந்து காட்டும் ஸ்பானரை வைத்துச் சொன்ன அளவுக்கு முறுக்க வேண்டும். அப்புறம் அது கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியை முறுக்கி இழுத்துக் கட்ட வேண்டும், எந்தப் பக்கம் இழுக்கிறோம் என்பதுகூடக் கணக்கு. முடிந்ததும் பெட்டியில் ஒவ்வொரு ஸ்பானருக்கும் அதன் வடிவத்தில் வெட்டிய குழி இருக்கும், ஒரு குழி காலியாக இருந்தால் விமானம் நகராது, கிடைக்கும் வரை எல்லாரும் தேட வேண்டும். கடைசியில் பறக்கலாம் என்று கையெழுத்து, கீழே தன் உரிம எண். அந்தக் கையெழுத்து இல்லாமல் எந்தக் கேப்டனும் கிளம்ப முடியாது.

யூனிகேஎல் மியாட் என்ற விமானத் தொழில்நுட்பக் கல்லூரி போன்ற இடங்களில் இந்தப் படிப்பு இருக்கிறது, பி.டி.பி.டி.என். என்ற அரசுக் கல்விக் கடனுக்கும் விண்ணப்பிக்கலாம். அதுவும் கடன்தான், திருப்பிக் கட்ட வேண்டும், ஆனால் பிள்ளை சம்பாதித்துக் கட்டக்கூடிய கடன். சுபாங்கைச் சுற்றி விமானம் பழுது பார்க்கும் கொட்டகைகள் நிறைய. உரிமம் வாங்கி, சம்பாதித்து, இருபத்தெட்டு முப்பது வயதில் தன் காசில் பறக்கக் கற்றுக்கொள்ளட்டும், யார் தடுப்பது? எஞ்சினின் சத்தத்தை வைத்தே நோய் சொல்லத் தெரிந்த விமானி, மலையில் எல்லாருக்கும் வேண்டியவர்.

பொம்பளைப் பிள்ளை கிரீஸ் கையோடு நிற்பதா என்று மாமா கேட்டார். இந்தோனேசியாவில் பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட சூசி புஜியாஸ்தூத்தி மீன் வியாபாரம் செய்து, மீன் கெடாமல் கொண்டுபோகச் சின்ன செஸ்னா விமானம் வாங்கினார். 2004 டிசம்பர் சுனாமியில் அச்சேக்கு முதலில் உதவி கொண்டுபோனவற்றில் அவருடைய விமானமும் ஒன்று. பிறகு மந்திரியானார். பாப்புவாவில் எரிக்கப்பட்ட விமானமும் அவர் கம்பெனியுடையதுதான், அதையும் மறைக்கவில்லை. நம் நாட்டு விமானப்படைக்கு 1958இல் முதன்முதலில் வந்ததும் போர் விமானம் இல்லை, குட்டையான காட்டுப் பாதையில் இறங்கும் ட்வின் பயனியர். இந்தத் தொழில் நமக்கு அந்நியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறேன்.

இனி பிள்ளை. அப்பா போகிற போக்கில் ஒன்று சொன்னார், மாமா அதைத் தாண்டிப் போய்விட்டார். தோட்டத்துப் புல்வெட்டி மிஷின் நின்றுபோனபோது இவள் வாசல் அஞ்சடியில் பழைய பேப்பரை விரித்து, கார்பரேட்டரைக் கழற்றி, ஒவ்வொரு திருகாணியையும் மைலோ டின் மூடியில் கழற்றின வரிசைப்படி வைத்தாளாம். மழை வந்ததும் அவசரமாக மாட்டச் சொன்னாராம் அப்பா. "இப்போ மாட்டினா தப்பா மாட்டுவேன்ப்பா, நாளைக்கு" என்றாளாம். தம்பி, நீங்கள் அதைப் பிடிவாதம் என்றீர்கள். மேகத்தைப் பார்த்துத் திரும்பின அந்த விமானிக்கும், முடியும் வரை கேப்டனைக் காக்க வைத்த அந்த நீலச் சட்டைக்காரருக்கும் இருந்தது அதே பிடிவாதம்தான். பெரியவர்கள் சொன்னால் சரி என்று தலையாட்டப் பழக்காதீர்கள், இந்தத் தொழிலில் அந்தப் பழக்கம் ஆளைக் கொல்லும்.

அடுத்த சனிக்கிழமை வாருங்கள். டிரையல் மார்க் தாள் வேண்டும், இயற்பியலும் ஆங்கிலமும் எப்படி என்று பார்க்க வேண்டும். அதற்கு முன்னால் கண் டாக்டரிடம் நிறக்குருடு இருக்கிறதா என்று சோதித்துவிடுங்கள், எங்கேயும் ஒரு காசு கட்டுவதற்கு முன்னால் அது தெரிய வேண்டும். மாமாவும் வரட்டும், ஆனால் பிள்ளை பேசி முடித்த பிறகுதான் அவருக்குக் காப்பி கொடுப்பேன்.