ஆராட்டஸ் ஆண் எல்லா மீனையும் துரத்தினால்

மூன்றடித் தொட்டியில் ஆறு மலாவி சிக்லிட், அதாவது ஆப்பிரிக்காவின் மலாவி ஏரி மீன்கள். அதில் கறுத்துப்போன ஆராட்டஸ் ஆண் மற்ற ஐந்தையும் மூலையில் ஒடுக்குகிறது என்கிறீர்கள். மபூனா என்கிற, பாறைகளிடையே வாழும் மலாவி மீன் வகைகளில் பெரிய முரடு அது. உங்களிடம் இருப்பது ஒரே பாறைக் குவியல், அதை முழுசாகப் பிடித்துக்கொண்டுவிட்டது.

அந்த ஆணை ஒரு வாரம் வேறு தொட்டியில் வையுங்கள். அதற்குள் கற்களைக் கலைத்து, நிறைய பொந்துகளோடு இரண்டு மூன்று குவியலாக அடுக்குங்கள். மணல்மேல் வைக்காதீர்கள், மீன் மணலைத் தோண்டிக் கற்களைச் சரித்துவிடும், அடிக்கண்ணாடியிலேயே நிற்கட்டும். திரும்பி வரும்போது பழைய எல்லை இருக்காது, கொஞ்ச நாளாவது அடங்கும். ஒரு ஆணுக்கு நான்கைந்து பெண் இருந்தால் அதன் துரத்தல் ஒரே மீன்மேல் விழாமல் பிரிந்துபோகும்.

அப்புறம், மூன்றடிக்கு ஆராட்டஸ் சரிவராது என்பதுதான் என் எண்ணம். கொடுத்துவிட்டு எல்லோ லேப் என்கிற மஞ்சள் மலாவி சிக்லிட் வளர்க்கலாம், அது எவ்வளவோ சாது.