பதில்: முகவரிச் சான்று இல்லாமல் மகளைப் பள்ளியில் சேர்க்க முடியுமா?

சகோதரி, வாடகை வீட்டை இழந்து, டெக்சாஸில் தோழி வீட்டுக் கூடத்தில் மகளோடு தங்கியிருப்பதாகவும், முகவரிச் சான்று இல்லையென்று பள்ளி அலுவலகம் திருப்பி அனுப்பியதாகவும் எழுதியிருந்தீர்கள். மனம் கனத்துவிட்டது. அவர்கள் செய்தது தவறு.

வீடற்றோருக்காக அமெரிக்காவில் 1987-இல் இயற்றப்பட்ட மெக்கின்னி-வென்டோ சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. வீட்டை இழந்து பிறர் வீட்டில் ஒண்டியிருக்கும் பிள்ளையும் அதன்படி வீடற்ற மாணவர்தான். தெருவில் படுத்திருக்க வேண்டும் என்பதில்லை. முகவரி, தடுப்பூசி, மதிப்பெண் சான்று எதுவும் கையில் இல்லாவிட்டாலும் உடனே சேர்த்தாக வேண்டும்.

நாளைக் காலையே பள்ளியின் சமூகப் பணியாளரைப் பாருங்கள். ஒவ்வொரு பள்ளி மாவட்டத்திலும் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பு) வீடற்ற மாணவர்களுக்கென ஒரு தொடர்பு அலுவலர் இருந்தாக வேண்டும். சில இடங்களில் சமூகப் பணியாளரே அந்தப் பொறுப்பையும் வகிக்கிறார். கூச்சப்படாமல் நிலைமையைச் சொல்லுங்கள். மதிய உணவு இலவசமாகக் கிடைக்கும். பழைய பள்ளியிலேயே தொடரவும், அங்கே போய்வர வாகன வசதிக்கும் கேட்கலாம். என்னைக் கேட்டால் அதையே கேளுங்கள். வீடு போன பிள்ளைக்குத் தெரிந்த ஆசிரியரும் தோழிகளுமாவது மிஞ்சட்டும்.

மறுத்தால் காரணத்தை எழுத்தில் வாங்குங்கள். முறையீடு முடியும்வரை மகள் வகுப்பில் இருக்கலாம்.

விசாவை நினைத்து அஞ்ச வேண்டாம். டெக்சாஸிலிருந்து போன வழக்கில்தான், குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக் கதவை அடைக்கக் கூடாதென்று 1982-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

மகள் எந்த வகுப்பு? அலுவலர் என்ன சொன்னார் என்று எழுதுங்கள், காத்திருக்கிறேன்.