லாட்ஜை முதியோர் இல்லமாக மாற்றலாமா? சேலத்திலிருந்து சில கேள்விகள்

முதியோர் இல்லக் கட்டடங்களைப் பற்றிப் பேசத் தொடங்கியதிலிருந்து எனக்கு வரும் கடிதங்களில் பாதி லாட்ஜ் உரிமையாளர்களுடையவை. ஒரே மாதிரி இருந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன். பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன்.

ஐந்து ரோடு பக்கம் அப்பா கட்டிய 24 அறை லாட்ஜ் இருக்கிறது. மண்டல மாற்றம் வாங்கிவிட்டால் மற்றதெல்லாம் தானாக நடந்துவிடும் என்கிறார் தரகர். சரிதானா ஐயா?

தரகர் இரண்டு வேலைகளை ஒன்றாகக் குழப்புகிறார். அவர் சொல்லும் மண்டல மாற்றம், அதாவது நில உபயோக மாற்றம் வேறு, கட்டட உபயோக மாற்றம் வேறு. முதலில் உங்கள் சர்வே எண் ஊரின் முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்) எந்த மண்டலத்தில் வருகிறது என்று உள்ளூர்த் திட்டக் குழும அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். லாட்ஜ் நிற்கும் இடம் பெரும்பாலும் வணிக மண்டலமாகவே இருக்கும். அங்கே மனிதர்கள் தங்குவதற்குத் தடை இல்லாததால், நில உபயோக மாற்றமே தேவைப்படாமல் போகலாம். தேவையில்லாத மாற்றத்துக்குக் கட்டணம் கட்டி ஒரு வருடம் காத்திருந்தவரை எனக்குத் தெரியும்.

உங்களுக்கு உண்மையான வேலை கட்டடத்தில்தான் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு லாட்ஜையும் ஹோட்டலையும் குடியிருப்பு வகையில் வைக்கிறது. முதியோர் இல்லமோ மருத்துவமனைகளோடு சேர்ந்து நிறுவன வகையில் வருகிறது. தீப்பிடித்தால் லாட்ஜ்வாசி எழுந்து ஓடிவிடுவார், படுக்கையில் கிடக்கும் பாட்டியால் முடியாது. அந்த வேறுபாட்டுக்காகத்தான் இந்தப் பிரிவு. பழைய லாட்ஜ்களில் மாடிப்படி ஒன்றுதான் இருக்கும், அதன் அடியில் பழைய மெத்தைகளை அடுக்கி வைத்திருப்பார்கள். தீயணைப்புத் துறை அதிகாரி முதலில் பார்ப்பது அந்த இடத்தைத்தான்.

அடுத்து, ஒரு அளவு நாடாவை எடுத்துக்கொண்டு நீங்களே நடந்து பாருங்கள். சாய்தளத்துக்கு ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். வாசல் மூன்றடி உயரத்தில் இருந்தால் முப்பத்தாறு அடி, நடுவில் நின்று மூச்சு வாங்கும் தளம் தனி. உங்கள் வண்டி நிறுத்தும் இடம் அதிலேயே போய்விடும். குளியலறைக் கதவு இரண்டேகால் அடி இருக்கும். சக்கர நாற்காலிக்கு மூன்றடி வேண்டும், உள்ளே திரும்ப ஐந்தடி வட்டம் வேண்டும். நான்கு பேர் லிஃப்டில் ஸ்ட்ரெச்சர் படுக்கவாட்டில் நுழையாது. குளியலறைகளைப் பெரிதாக்கி, செவிலியர் அறையும் பொதுக்கூடமும் ஒதுக்கினால் 24 அறை பதினைந்து, பதினாறாகச் சுருங்கும். அந்தப் பதினாறை வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அதில் லாபம் தெரிந்தால் மட்டும் தரகரிடம் திரும்பிப் போங்கள்.

ஏற்காட்டில் ஏரிக்கு அருகே 12 காட்டேஜ்கள். நல்ல காற்று, அமைதி. சென்னையில் இருக்கும் பிள்ளைகள் பெற்றோரை இங்கே விட விரும்புவார்கள் அல்லவா?

பிள்ளைகள் விரும்புவார்கள். இரவு பதினொரு மணிக்கு அவர்களுடைய அப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து, மலைக்குக் கீழே முப்பது கிலோமீட்டரில் இருக்கும் சேலத்துக்கு வர வேண்டியவர் அவர்தான். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். குப்பனூர் வழியும் மழைக்காலத்தில் நம்பத் தகுந்ததல்ல. உயரம் ஏறத்தாழ 1,500 மீட்டர். கடல்மட்டத்தைவிடக் காற்றழுத்தம் ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. ஆரோக்கியமானவருக்கு அது தெரியாது. நுரையீரல் நோயாளிக்குத் தெரியும், மார்கழிக் குளிரில் இன்னும் நன்றாகத் தெரியும்.

அனுமதியிலும் மலைக்குத் தனி வழி உண்டு. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் வரம்பில் உங்கள் கிராமம் வருகிறதா என்று பாருங்கள். சரிவை வெட்டுவதோ, மரத்தைத் தொடுவதோ உங்கள் இஷ்டம் அல்ல. மலைப்பகுதி மரங்களுக்கென்றே 1955இல் ஒரு சட்டம் வந்திருக்கிறது. காட்டேஜ்களுக்கு இடையே உள்ள கற்படிகளில் பாசி பிடிக்கும், அதில் எழுபது வயதுக்காரர் சாப்பாட்டுக்கு மூன்று வேளை ஏறி இறங்க வேண்டும். தானாக நடமாடுகிறவர்கள் கோடையில் மூன்று மாதம் வந்து தங்கும் இடமாக நடத்துங்கள், மகிழ்ச்சி. படுக்கை நோயாளிகளைச் சேர்க்காதீர்கள் என்பதே என் கருத்து.

ஹோட்டலில் எஃப்.எல்.3 (ஹோட்டல்களுக்கான மது உரிமம்) பார் இருக்கிறது. இல்லமான பிறகும் தொடரலாமா?

அந்த உரிமம் ஹோட்டலுக்குக் கொடுக்கப்பட்டது. ஹோட்டல் இல்லையென்றால் பாரும் இல்லை. (தாத்தாக்கள் வருத்தப்படக்கூடும்.)

வேறு எந்த அலுவலகத்தில் பதிய வேண்டும்? ஜிஎஸ்டி உண்டா?

பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007இன் கீழ் இல்லத்தைப் பதிவதற்கு மாவட்டச் சமூக நல அலுவலகத்தை அணுகுங்கள். சிகிச்சையும் அளிப்பதாக இருந்தால் மருத்துவ நிறுவனப் பதிவு தனி. ஜிஎஸ்டி விலக்கு எல்லோருக்கும் இல்லை. அரசு நடத்தும் இல்லங்களுக்கும், வருமான வரித்துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளைகளின் இல்லங்களுக்கும்தான் உண்டு. அதுவும் 60 வயது நிரம்பியவரிடம் உணவு, தங்கல், பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை வாங்கினால் மட்டும். லாப நோக்கில் தனியாராக நடத்தினால் ஆடிட்டரைப் பாருங்கள்.

சூரமங்கலத்தில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஹோட்டலை முதியோர் இல்லம் ஆக்குகிறார்கள். ஆம்புலன்ஸ், அடிக்கடி சாவு என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. ஆட்சேபிக்கலாமா?

அம்மா, நில உபயோக மாற்றம் கேட்டிருந்தால் நாளிதழில் அறிவிப்பு வரும். அதில் சொல்லும் கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுக்கலாம். ஆனால் சாவு பயத்தை அந்த மனுவில் எழுதாதீர்கள், எடுபடாது. நாமும் ஒரு நாள் வயதாகிப் படுக்கப்போகிறவர்கள்தானே. கேட்க வேண்டியது வேறு. ஹோட்டலில் பாதி நாள் பாதி அறை காலியாகக் கிடந்திருக்கும். இல்லத்தில் எல்லோரும் எல்லா நாளும் இருப்பார்கள், படுக்கை விரிப்புகளைத் தினமும் துவைப்பார்கள். அந்தக் கழிவுநீரைத் தாங்கும் அளவுக்குச் செப்டிக் டேங்க் இருக்கிறதா, ஆம்புலன்ஸ் உங்கள் வாசலை மறிக்காமல் திரும்ப இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். பதில் வராமல் விடமாட்டேன் என்று நில்லுங்கள்.