வேர்க்கடலைத் தயிரும் காந்திபுரத்து மடிக்கணினியும்

கேள்வி:

என் வயது 28. கோயம்புத்தூரில் மென்பொருள் நிறுவனமொன்றில் பணிபுரிகிறேன். பால், தயிர், நெய், முட்டை, தேன் என்று விலங்கிலிருந்து வரும் எதையும் உண்பதில்லை என மூன்று ஆண்டுகளுக்கு முன் முடிவெடுத்தேன். நண்பர்கள் சிலர் சேர்ந்து, மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் அடுக்ககத்தின் மொட்டை மாடியில் வீகன் சந்திப்பு நடத்தி வருகிறோம். வருபவர்கள் ஆளுக்கொரு பதார்த்தம் சமைத்து எடுத்து வருவார்கள். சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் விலங்குரிமை பற்றிய காணொளியும் கலந்துரையாடலும் நடக்கும். முதல் மாதம் நாற்பது பேர் வந்தார்கள். சென்ற மாதம் ஒன்பதே பேர். நவம்பர் 1, உலக வீகன் நாளன்று காந்திபுரம் பேருந்து நிலையத்தருகே முகமூடி அணிந்து, மடிக்கணினியில் கசாப்புக்கூடக் காட்சிகளைக் காட்டி நிற்க வேண்டும் என்கிறார்கள் குழுவில் சிலர். சத்துணவில் முட்டை கூடாது என்று ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம் என்கிறார் இன்னொருவர். இதற்கிடையே, ‘பால் கறப்பது திருட்டு’ என்று நான் எழுதிப் பகிர்ந்ததை ஊரில் யாரோ அம்மாவிடம் காட்டிவிட்டார்கள். பொள்ளாச்சிப் பக்கத்தில் எங்கள் வீட்டில் இரண்டு மாடுகள் உண்டு. என் படிப்புச் செலவில் அந்தப் பால் பணத்துக்கும் பங்குண்டு. பத்து நாளாக அம்மா என்னுடன் சரியாகப் பேசுவதில்லை. கொள்கையை விடவும் மனமில்லை, அம்மாவை நோகடிக்கவும் மனமில்லை. நான் எங்கே தவறினேன்?

– பெயர் வேண்டாம், கோயம்புத்தூர்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நாற்பது பேர் ஒன்பது பேரானதற்கான காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. சாப்பிட வாருங்கள் என்று அழைத்துவிட்டு, சாப்பிட்டு முடித்தவர்களுக்குக் கசாப்புக்கூடத்தைக் காட்டியிருக்கிறீர்கள். விருந்தாளியாக வந்தவர் பாதியில் குற்றவாளியாக உட்கார நேர்ந்தால், அடுத்த மாதம் அவருக்கு எங்காவது ஒரு கல்யாணம் இருக்கத்தான் செய்யும். உணவுச் சந்திப்பும் பிரசாரமும் இரண்டு தனித்தனி வேலைகள் என்பதும், இரண்டையும் ஒரே மாடியில் ஒரே மாலையில் வைத்தால் இரண்டுமே கெடும் என்பதும் என் உறுதியான கருத்து. ஒன்பது பேர் என்று வருந்தவும் வேண்டாம். 1944 நவம்பரில் இங்கிலாந்தில் டொனால்ட் வாட்சனும் தோழர்களும் ‘வீகன்’ என்ற சொல்லையும் அதற்கொரு சங்கத்தையும் உருவாக்கியபோது அவர்களும் ஒரு கைப்பிடிப் பேர்தான். அந்தச் சங்கத்தின் ஐம்பதாம் ஆண்டையொட்டி 1994இல் வந்ததுதான் நீங்கள் குறிப்பிடும் நவம்பர் 1.

முதலில் மாடியைப் பார்ப்போம். கொங்கு நாட்டுச் சமையலில் பாதிக்கு மேல் நீங்கள் தேடும் உணவாகவே இருக்கிறது. கொள்ளுப் பருப்பு, ராகிக் களி, கம்பங்கூழ், பச்சைப்பயறுக் கடைசல், தேங்காய்ப்பாலும் வெல்லமும் சேர்த்த, இடியாப்பம் போன்ற சந்தகை ஆகியவற்றில் விலக்க வேண்டியதாக ஏதுமில்லை. அரிசியும் பருப்பும் சாதத்தின் மேல் ஊற்றும் நெய்யை மட்டும் மாற்றி, செக்கில் ஆட்டிய தேங்காய் எண்ணெயைப் பச்சையாக ஒரு கரண்டி விட்டால் போதும். இவ்வளவு இருக்க, இப்படிப்பட்ட சந்திப்புகள் பலவற்றில் நான் கண்டது, உறையவைத்த சோயாத் துண்டுகளும், பசும்பாலைப் போலப் பல மடங்கு விலையுள்ள ஓட்ஸ் பால் பொட்டலங்களும்தான். வீகன் என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று அக்கம்பக்கத்தார் நினைப்பதற்கு அந்தப் பொட்டலங்களின் விலைச்சீட்டே போதுமான சாட்சியாகிவிடுகிறது.

வருபவர்கள் உண்மையில் தவிப்பது தயிருக்கும் காபிக்கும்தான். இறைச்சியை ஒரே நாளில் விட்டவர்கள்கூடத் தயிர்ச்சோற்றுக்கு முன்னால் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே அடுத்த சந்திப்பில் காணொளிக்குப் பதிலாக வேர்க்கடலைத் தயிர் உறைய வைத்துக் காட்டுங்கள். கடலையை இரவு ஊறவைத்து, தோலைக் கசக்கி நீக்கி, நீர் விட்டு மையாக அரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டிக் கொள்ள வேண்டும். அந்தப் பாலை அடிபிடிக்காமல் கிளறிக்கொண்டே காய்ச்ச வேண்டும். பச்சை வாசனை போகாமல் இறக்கினால் தயிரும் அதே வாசனையோடுதான் வரும். விரல் பொறுக்கும் சூட்டுக்கு ஆறியதும், கழுவித் துடைத்த ஏழெட்டு மிளகாய்க் காம்புகளைப் போட்டு மூடி வைத்தால், கோவையின் குளிர்ந்த மாதங்களில் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் உறையும். முதல் முறை உறைவது நீர்த்தும் கொஞ்சம் கசந்தும் இருக்கலாம்; அதிலிருந்து ஒரு கரண்டி எடுத்து அடுத்த பாலுக்கு உறை ஊற்றினால் கெட்டியாக, சரியான புளிப்போடு வரும். கடுகு, கறிவேப்பிலை, இஞ்சி தாளித்துச் சோற்றில் பிசைந்து கொடுங்கள். இது பசுந்தயிர் மாதிரியே இருக்கிறது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இருக்காது. கடலை மணம் லேசாக இருக்கும் என்று முன்னாலேயே சொல்லிவிட்டால் யாரும் ஏமாற மாட்டார்கள். காபியைப் பொறுத்தவரை என்னிடம் நல்ல செய்தி இல்லை. சூடான டிகாஷனில் சோயாப் பால் திரிந்துபோகிறது, தேங்காய்ப்பாலோ டிகாஷனை அமுக்கிவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளாக நான் சுக்குக் காபியோடு சமாதானமாகப் போய்க்கொண்டிருக்கிறேன்.

உணவு பற்றிப் பேசும்போது இரண்டு செய்திகளை ஒவ்வொரு மாதமும் தவறாமல் சொல்லுங்கள். வைட்டமின் பி12 தாவர உணவிலிருந்து நம்பத்தக்க அளவில் கிடைக்காது. மருத்துவரைக் கேட்டு மாத்திரையாக எடுத்துக்கொண்டே ஆக வேண்டும். பொட்டலத்தில் உள்ள பச்சைப் புள்ளி பாலை விலக்குவதில்லை. விலங்குப் பொருள் எதுவும் இல்லாத உணவுக்கென உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022இல் தனி விதிமுறைகளையும் தனி முத்திரையையும் கொண்டுவந்திருக்கிறது.

இனி காந்திபுரத்துக்கு வருவோம். முகமூடியோடு மடிக்கணினியை ஏந்திச் சதுரமாக நிற்கும் முறை, 2016இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் தொடங்கிய ஓர் அமைப்பின் வழியாக உலகெங்கும் பரவியது. பன்றிப் பண்ணையையும் கசாப்புக்கூடத்தையும் கண்ணாலேயே பார்த்திராத ஊர்களில் அது மறைந்திருப்பதை வெளிக்காட்டுகிறது. நம் ஊரில் ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிக்கடை வாசலில் தோலுரித்த ஆடு தொங்குகிறது. கோழி நம் கண்ணெதிரே அறுபடுகிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பதை மடிக்கணினியில் காட்டுவதால் என்ன புதிதாகத் தெரியப்போகிறது? பேருந்துக்கு நிற்கும் குழந்தைகள் மிரளுவார்கள், அவ்வளவே. அப்படியும் நிற்பதென்று முடிவெடுத்தால், காவல் ஆணையர் அலுவலகத்தில் போதிய நாள் முன்னதாக எழுத்து மூலம் அனுமதி கேளுங்கள், முகமூடியை விட்டுவிடுங்கள். முகத்தை மறைத்து நிற்பவரிடம் நம் ஊரில் யாரும் நின்று பேச மாட்டார்கள்.

அதைவிட முக்கியமான வேறொன்று உண்டு. தமிழ்நாட்டில் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு மேல் இறைச்சி உண்பவர்கள். இங்கே ‘சைவம்’ என்ற சொல் உணவை மட்டும் குறிப்பதில்லை. அசைவம் சமைப்பவர்களுக்கு வீடு வாடகைக்கு இல்லை என்ற அறிவிப்பின் பின்னால் இருப்பது சாதி என்பது எல்லோருக்கும் தெரியும். ‘நனிசைவம்’ என்ற தமிழ்ச் சொல் அழகாக இருந்தும் நான் அதைத் தவிர்த்து ‘வீகன்’ என்றே எழுதுவது இதனால்தான். இறைச்சி உண்பவரை நோக்கி மட்டும் விரல் நீட்டும் பிரசாரம், நீங்கள் விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், அந்தப் பழைய அறிவிப்புப் பலகையின் தொடர்ச்சியாகவே கேட்கும். உங்கள் கொள்கைக்கு உண்மையாக இருந்தால், பால் குடிக்கும் சைவர்களிடம்தான் நீங்கள் அதிகம் பேச வேண்டியிருக்கிறது. உழவுக்கு டிராக்டர் வந்துவிட்ட காலத்தில் கலப்பினப் பசு ஈனும் காளைக்கன்றுக்கு வேலையில்லை; பால் வற்றிய பசுவும் அந்தக் கன்றும் போய்ச் சேரும் இடம் ஒன்றே. பால் தொழிலும் மாட்டிறைச்சித் தொழிலும் ஒரே கயிற்றின் இரு நுனிகள் என்பதை மாட்டிறைச்சி உண்பவரைக் குறை சொல்லாமல் விளக்க முடிந்தவர்தான் இங்கே பேசத் தகுந்தவர்.

மேலிருந்து சட்டத்தை இறக்கினால் என்ன ஆகும் என்பதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. கோயில்களில் ஆடு, கோழி பலியிடுவதைத் தடுக்கும் 1950ஆம் ஆண்டுச் சட்டத்தை 2003இல் அரசு கண்டிப்போடு அமல்படுத்த முயன்றது. கிராம தெய்வங்களின் வழிபாட்டில் கைவைப்பதாக எதிர்ப்பு கிளம்ப, 2004இல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது. ஆடுகளுக்கு அதனால் ஒரு நன்மையும் விளையவில்லை. இதற்கு நேர்மாறாக, சென்னையில் புளூ கிராஸ் அமைப்பினர் தெருநாய்களைக் கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை செய்யலாம் என்று 1960களிலேயே சொல்லத் தொடங்கி, தாங்களே அதைச் செய்தும் காட்டினார்கள். சென்னை மாநகராட்சி அதை ஏற்றது 1996இல், நாடு முழுமைக்குமான விதி வந்தது 2001இல். முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆனது. உங்களுக்கு இன்னும் அருகில், திருச்சூர் மாவட்டத்துக் கோயில் ஒன்றுக்கு 2023 பிப்ரவரியில் மோட்டாரில் தலையும் காதும் அசைக்கும் செயற்கை யானை ஒன்று அன்பளிப்பாக வந்து, உற்சவ மூர்த்தி அதன் மேல் எழுந்தருளினார். யானை வேண்டாம் என்று வாசலில் நின்று கத்தியிருந்தால் கோயில் குழுவினர் கதவைச் சாத்தியிருப்பார்கள்.

ஆகவே உங்கள் குழு ஒரு சிறு வேலையை எடுத்துக்கொள்ளட்டும். இரு சக்கர வண்டியின் இரு புறமும் கால்கள் கட்டப்பட்டு, தலைகீழாக, அலகு ஏறக்குறைய சக்கரத்தில் உரசும்படி கோழிகள் தொங்கிக்கொண்டு போவதை நீங்கள் நாள்தோறும் பார்த்திருப்பீர்கள். வதைபடும்படி விலங்கை ஏற்றிச் செல்வது 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தின் 11ஆம் பிரிவின்படி குற்றம். முதல் முறைக்கான அபராதம் குறைந்தது 10 ரூபாய், அதிகபட்சம் 50 ரூபாய். அறுபது ஆண்டுகளுக்கு முன் நிர்ணயித்த அந்தத் தொகையை உயர்த்தக் கோரிக் கையெழுத்து வாங்கலாம். அதைவிடப் பயன் தருவது, ஒரே ஒரு வார்டில் உள்ள கோழிக்கடைக்காரர்களிடம் போய், கூண்டில் ஏற்றிவரச் செய்ய முடியுமா, அதற்கு என்ன செலவாகும் என்று கேட்பது. கறி உண்பவரும் இதில் உங்களோடு நிற்பார். மாடு ஏற்றும் லாரிகளிலும் 1978ஆம் ஆண்டு விதிகளின்படி ஆறு மாடுகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து கேரளம் போகும் வண்டிகளில் விதி மீறல் தெரிந்தால் வண்டி எண்ணைக் குறித்துக் காவல் துறையிடம் எழுதிக் கொடுங்கள். நீங்களாக எந்த வண்டியையும் மறிக்காதீர்கள். மாட்டைக் காப்பதாகச் சொல்லி மனிதர்களை அடித்துக் கொன்ற நாடு இது, அந்தக் கூட்டத்தின் நிழல்கூட உங்கள் மேல் விழக் கூடாது.

முட்டை மனுவை இன்றே கைவிடச் சொல்லுங்கள். நாமக்கல் பண்ணைகளில், சிறகை விரிக்க இடமில்லாத கம்பிக் கூண்டுகளில் கோழிகள் அடைபட்டிருப்பது பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம், பேசவும் வேண்டும். ஆனால் சுண்டலும் பருப்பும் பி12 மாத்திரையும் வாங்க வசதியுள்ள நாம், அரசுப் பள்ளிக் குழந்தையின் தட்டில் இருக்கும் ஒரு முட்டையிலிருந்து போராட்டத்தைத் தொடங்குவது நியாயமாகாது.

அம்மாவைப் பற்றி எழுதக் கொஞ்சம் தயங்குகிறேன், ஏனென்றால் நீங்கள் செய்ததை நானும் செய்திருக்கிறேன். பாலை விட்ட முதல் ஆண்டில், கோபிச்செட்டிபாளையம் பக்கம் உறவினர் வீடொன்றுக்குப் போயிருந்தேன். சித்திரை வெயில். அந்த வீட்டு அம்மா சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து நீட்டினார். நான் வாங்கவில்லை, வாங்காததோடு நிற்காமல், கன்றைத் தாயிடமிருந்து பிரிக்கும் கொடுமை பற்றி ஒரு பிரசங்கமும் செய்தேன். முழுதும் கேட்டுவிட்டு, “கன்னுக்குட்டி செத்தன்னிக்கு எனக்குச் சோறு எறங்கலை கண்ணு. அது தோல்ல வைக்கோல் வெச்சுக் கொண்டாந்து நிறுத்துனாங்க. மாடு அதை நக்கிக்கிட்டே பால் விட்டுச்சு. நாந்தான் கறந்தேன்” என்றார். பிறகு சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனவர், வெல்லமும் சுக்கும் போட்டுப் பானகம் கரைத்து வந்தார். வைக்கோல் கன்றை நான் படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அவர் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கறந்தவர்.

நீங்கள் பகிர்ந்த வாக்கியம் கொள்கையளவில் உங்களுக்குச் சரியாகப் படலாம். ஆனால் ‘திருட்டு’ என்ற சொல்லுக்குள் திருடர் ஒருவர் இருக்கிறார். பொள்ளாச்சிப் பக்கத்தில் அந்தச் சொல்லைப் படித்தவர்கள் உங்கள் அம்மாவைத்தான் நினைத்திருப்பார்கள். கொள்கையை விட வேண்டியதில்லை, பாலை மறுபடி குடிக்க வேண்டியதும் இல்லை. அந்தப் பதிவை நீக்குங்கள்; நீக்கியதைத் தொலைபேசியில் சொல்லாமல் நேரில் போய்ச் சொல்லுங்கள். காலையில் கறவை நேரத்துக்குத் தொழுவத்துக்குப் போய்ச் சாணம் அள்ளிப் போட்டு, தீவனத் தொட்டியைக் கழுவுங்கள். அந்த மாடுகளின் கன்றுகள் எங்கே போயின, விற்றபோது வீட்டில் என்ன நடந்தது என்று கேளுங்கள். பதிலைக் காணொளியாக எடுக்காதீர்கள்.

பேச்சு சரியான பிறகு, கடைசி ஞாயிற்றுக்கிழமைக்கு அவரைக் கோயம்புத்தூர் வரச் சொல்லுங்கள். சந்தகை அச்சையும் கையோடு கொண்டுவரச் சொல்லுங்கள். அன்றைக்குக் காணொளி வேண்டாம், வீகன் என்ற சொல்லை விளக்கவும் வேண்டாம். மாவை இட்லியாக வேகவைத்துச் சூடு ஆறுவதற்குள் பிழிய வேண்டும், அச்சை அழுத்தப் பலமான கைகள் வேண்டும். தேங்காய் துருவவும் பால் பிழியவும் ஆள் வேண்டும். ஒன்பது பேர் தாராளமாகப் போதும்.