இடப்பக்க இருக்கை: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய ஐயா,

விமானி வேலையிலிருந்து ஓய்வு பெற்று எழுத வந்தவர் நீங்கள் என்பதால் இதை உங்களிடம் கேட்கிறேன். பதினொரு ஆண்டுகளாகத் துணை விமானியாக இருக்கிறேன். துணை விமானிகளின் பணிமூப்பு வரிசையில் இப்போது மிக மேலே இருக்கிறேன். கேட்ட நாளில் விடுப்பு, கேட்ட வழித்தடம், வீட்டுக்கு அருகிலேயே பணித் தளம். மகளுக்கு ஆறு வயது. சென்ற ஆண்டு அவளுடைய பள்ளி நிகழ்ச்சி ஒன்றைக்கூட நான் தவறவிடவில்லை.

கேப்டன் பதவி உயர்வுக்கு என் எண் இரண்டாவது முறையாக வந்திருக்கிறது. ஏற்றுக்கொண்டால் கேப்டன்களின் வரிசையில் நான்தான் கடைசி ஆள். வேறு தளம். மாதம் முழுவதும் ரிசர்வ். தொலைபேசி அடித்தால் கிளம்ப வேண்டும். சென்ற முறை வேண்டாம் என்றேன். எனக்கு இரண்டு ஆண்டு பின்னால் சேர்ந்தவர் ஏற்றுக்கொண்டார். கேப்டனின் இருக்கை இடப்பக்கம், துணை விமானியுடையது வலப்பக்கம்; இனி அவருக்கு வலப்பக்கம் நான் உட்கார வேண்டும். சேர்ந்த தேதியை மட்டும் பார்த்து ஒருவரின் வாழ்க்கையைத் தீர்மானிக்கும் இந்த முறை எந்த வகையில் நியாயம்? நான் என்ன செய்யட்டும்?

ஆர்.

*

அன்புள்ள ஆர்.,

ரிசர்வ், தளம், மகள் என்று விரிவாக எழுதியிருக்கிறீர்கள். அந்த இளையவரைப் பற்றி இரண்டே வரி. ஆனால் ‘நியாயம்’ என்ற சொல் அந்த இரண்டு வரிக்குப் பிறகுதான் வருகிறது, ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன். பட்டியல் உங்களுக்கு அநியாயம் எதுவும் செய்யவில்லை. முதலில் உங்களைத்தான் கேட்டது. நீங்கள் வேண்டாம் என்றதும் அடுத்தவரைக் கேட்டது. அதற்குத் தெரிந்த வேலை அவ்வளவுதான்.

பணிமூப்பு எண் என்பது வரிசையில் நிற்பவர் கையில் இருக்கும் டோக்கன். அது குருட்டுத்தனமானது என்பதில் எனக்கும் சந்தேகமில்லை. ஒரே நாளில் சேர்ந்தவர்களை வயதை வைத்து வரிசைப்படுத்தும் நிறுவனங்கள் இருக்கின்றன. மூன்று நாள் முன்னால் பிறந்தவர் முப்பது ஆண்டுகளுக்கு உங்களுக்கு முன்னால் நிற்பார். பதினைந்தாயிரம் மணி நேரம் பறந்தவர் நிறுவனம் மாறினால், போன மாதம் முதல் வேலையில் சேர்ந்த பையனுக்கும் பின்னால் போய் நிற்க வேண்டும். அமெரிக்காவில் 2005-இல் யுஎஸ் ஏர்வேஸும் அமெரிக்கா வெஸ்ட்டும் இணைந்தன. இரண்டு பணிமூப்புப் பட்டியல்களை எப்படிக் கோப்பது என்ற சண்டை நடுவரிடம் போய், பிறகு நீதிமன்றத்துக்கும் போனது. நிறுவனம் ஒன்றாகிவிட்டது, விமானிகள் ஆண்டுக்கணக்கில் இரண்டு பட்டியல்களாகவே பறந்தார்கள். அதே நாட்டில் 2007 டிசம்பரில் விமானிகளின் வயது வரம்பு 60-லிருந்து 65 ஆனது. மேலே இருந்தவர்களுக்கு ஐந்து ஆண்டு கிடைத்தது. இதோ அடுத்தது நான்தான் என்று காத்திருந்த துணை விமானிகள் இருந்த படியிலேயே நின்றார்கள்.

இத்தனைக்குப் பிறகும் நான் அந்தக் குருட்டு எண்ணின் பக்கம்தான். நம் தொழிலில் நல்ல நாள் என்பது எதுவும் நடக்காத நாள். எதுவும் நடக்காததற்கு யார் மதிப்பெண் போடுவது? மேலதிகாரிக்குப் பிடித்தவர் யார் என்பதே திறமை என்ற பெயரில் உள்ளே நுழையும். பழுது தீராத விமானத்தை எடுக்க மாட்டேன் என்று ஒரு கேப்டன் கையெழுத்துப் போட மறுக்கும்போது, இதனால் என் இடம் போய்விடாது என்ற தெம்பை அந்த எண்தான் தருகிறது. பறந்த மணி நேரத்தையும் மதிப்பீட்டையும் பார்த்து உயர்வு கொடுக்கும் நிறுவனங்களும் உண்டு. அப்படிப்பட்ட ஓரிடத்தில் வேலை பார்த்த என் நண்பர் ஒருவர், ஓய்வு பெற்ற பிறகும் தன் பழைய மேலதிகாரியைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார். மேலும், எண் உங்களைத் தேர்வு அறையின் வாசல் வரைதான் கொண்டுபோய் விடும். உள்ளே போன பிறகு, வேலையில் சேர்ந்த தேதியை யாரும் கேட்பதில்லை.

இளையவருக்கு வலப்பக்கம் உட்காரும் விஷயம். 2009 ஜனவரி 15 அன்று நியூயார்க்கில் ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானத்தை உலகம் அதன் கேப்டன் சல்லன்பர்கரின் பெயரோடு சேர்த்து நினைவில் வைத்திருக்கிறது. வலப்பக்கம் இருந்த ஜெஃப்ரி ஸ்கைல்ஸ் அதே நிறுவனத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் பறந்தவர். முன்பே கேப்டனாக இருந்து, ஆள்குறைப்பு வந்தபோது துணை விமானியின் இருக்கைக்குத் திரும்பியவர். ஏ320 ரக விமானத்தில் பயிற்சி முடித்த கையோடு அன்று வந்திருந்தார். ஓடுபாதையிலிருந்து விமானத்தை மேலே கிளப்பியவர் அவர்தான். பறவைகள் மோதி இரண்டு எஞ்சின்களும் விசை இழந்ததும் சல்லன்பர்கர் விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஸ்கைல்ஸ் அந்த நொடியே விட்டுக்கொடுத்துவிட்டு, எஞ்சினை மீண்டும் இயக்குவதற்கான குறிப்புகளைப் புரட்டினார். 155 பேரும் பிழைத்தார்கள். தானும் ஒரு காலத்தில் கேப்டன் என்பதை நினைத்துப் பார்க்க அவருக்கு அன்று நேரம் இருந்திருக்காது. உங்களுக்கு நேரம் இருக்கிறது. சிக்கலே அதுதான் என்று தோன்றுகிறது.

கணக்கை நீங்களே போட்டுவிடலாம். உங்களுக்கு மேலே இருக்கும் கேப்டன்களில் அடுத்த ஐந்து ஆண்டுகளில் எத்தனை பேருக்கு 65 ஆகிறது, புதிய விமானங்கள் வருகின்றனவா, ஒருமுறை இருக்கை மாறினால் எத்தனை ஆண்டு அதிலேயே இருக்க வேண்டும் என்ற நிபந்தனை உண்டா என்று பாருங்கள். மந்தம் வந்தால் கடைசி கேப்டன்தான் முதலில் வலப்பக்கம் தள்ளப்படுவார். ஆனால் கேப்டனாகப் பறந்த மணி நேரத்தைப் பதிவேட்டிலிருந்து யாரும் அழிக்க முடியாது. கடைசி வரை துணை விமானியாகவே இருந்து ஓய்வு பெற்ற ஒருவரோடு நான் பறந்திருக்கிறேன். அவர் பெயர் அட்டவணையில் இருந்தால் எங்களுக்கெல்லாம் அந்த நாள் நிம்மதி. அவர் எதையும் இழந்ததாக எனக்குத் தெரியவில்லை. ஆகவே மறுப்பதே பிழை என்று சொல்ல மாட்டேன்.

நான் சொல்ல நினைப்பது வேறு. இத்தனை நீளமான கடிதத்தில் இடப்பக்க இருக்கையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. அதைச் சுற்றியிருக்கும் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறீர்கள்.

அந்த இருக்கையில் முதலில் மாறுவது கைகள். பதினொரு ஆண்டுகளாக வலக்கை விமானத்தைச் செலுத்தியது, இடக்கை எஞ்சின் விசைப்பிடிகளில் இருந்தது. இனி தலைகீழ். முதல் சில நாள் இறங்கும்போது கை தானாகத் தவறான பக்கம் போகும். எங்கள் விமானத்தில் தரையில் முன்சக்கரத்தைத் திருப்பும் சிறு கைப்பிடி இடப்பக்கம் மட்டுமே இருந்தது. நாலாயிரம் மணி நேரம் பறந்த நான், புதிதாக சைக்கிள் ஓட்டுகிறவனைப் போல வளைந்து வளைந்து போனேன். இதெல்லாம் இரண்டு வாரத்தில் சரியாகிவிடும். சரியாக நாள் பிடிப்பது இன்னொரு விஷயம். எங்கள் நிறுவனத்தில், துணை விமானியே கிளப்பினாலும் வி-ஒன் வேகம் வரும்வரை விசைப்பிடியின் மேல் கேப்டனின் கைதான் இருக்கும். நிறுத்துவதா வேண்டாமா என்பது அந்தக் கையின் வேலை. வி-ஒன் என்ற குரல் கேட்டதும் கையை எடுத்துவிட வேண்டும்; அதன் பிறகு நிறுத்தும் பேச்சே இல்லை. வலப்பக்கத்திலிருந்து அந்தக் கையை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அது என் கையாக இருந்தபோதுதான் அதன் கனம் தெரிந்தது.

நானும் ஒருமுறை வேண்டாம் என்றவன்தான். வீட்டைக் காரணம் சொன்னேன். இரண்டாம் முறை ஏற்றுக்கொண்டு, கேப்டன் தேர்வில் தோற்றேன். சிமுலேட்டரில் இரவுக் காட்சி. பின்பக்கக் கழிப்பறையில் புகை என்று இன்டர்காமில் செய்தி வருகிறது. பத்து நிமிடத் தொலைவில் மழையோடு ஒரு குட்டையான ஓடுபாதை, இருபத்தைந்து நிமிடத் தொலைவில் நல்ல விமான நிலையம். பக்கத்திலிருந்தவர் இரண்டையும் எடுத்துச் சொல்லிவிட்டு என்னைப் பார்க்கிறார். நான் தலையை இடப்பக்கம் திருப்பினேன். ஏழு ஆண்டுப் பழக்கம்: முடிவு அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும். அங்கே கறுத்த ஜன்னல் கண்ணாடி இருந்தது, அதில் என் முகம். மூன்று நொடி இருக்கலாம். பிறகு எல்லாவற்றையும் முறைப்படி செய்து பத்திரமாகத்தான் இறக்கினேன். தேர்வாளர் குறிப்பில் ஒரே வரி எழுதினார்: “யாரையோ எதிர்பார்த்தார்.” ஆறு மாதம் வலப்பக்கம் திரும்பிப் போனேன்.

அந்த ஆறு மாதம் ஒரு சிறிய நோட்டை வைத்துக்கொண்டேன். மாற்று விமான நிலையம், கூடுதல் எரிபொருள், இடியுடன் கூடிய மேகத்தை எந்தப் பக்கம் சுற்றுவது என்று எது வந்தாலும் கேப்டன் வாய் திறப்பதற்கு முன் என் முடிவை மனத்தில் எடுத்துவிடுவேன். இறங்கிய பிறகு இரண்டையும் எழுதி வைப்பேன். அவர்கள் முடிவு என்னுடையதைவிட மேலாக இருந்த நாள்கள் பல, சங்கடமில்லை. முடிவே எடுக்காமல் காத்திருந்த நாள்களைத்தான் சிவப்பு மையில் குறித்தேன். முதல் மாதம் பக்கம் முழுவதும் சிவப்பு. அப்போதுதான், வீட்டைக் காரணம் காட்டி நான் தள்ளிப் போட்டது எதை என்று புரிந்தது.

உங்களுக்கும் அப்படித்தான் என்று சொல்லவில்லை. ஆறு வயது மகள் உண்மையான காரணமாக இருக்க முடியும். அவளுக்காக என்றால் மனம் நிறைந்து மறுத்துவிடுங்கள், அந்த இளையவருக்கு வலப்பக்கம் சந்தோஷமாக உட்காருங்கள். அவரும் இப்போதுதான் அந்தக் கண்ணாடியைப் பார்க்கத் தொடங்கியிருப்பார். பக்கத்தில் பதினொரு ஆண்டு அனுபவம் இருப்பது அவருக்குப் பெரிய உதவி.

விருப்பம் தெரிவிக்கக் கடைசி நாள் எது என்று நீங்கள் எழுதவில்லை. அதற்கு முன் எனக்கு இன்னொரு கடிதம் எழுதுங்கள். ரிசர்வ், தளம், இளையவர், பட்டியல், பள்ளி நிகழ்ச்சி எதுவும் அதில் வேண்டாம். அரைப் பக்கம் வந்தாலும் போதும்.